மூன்றாம் சிலிண்டர்

சூர்யகலாவின் வேனுக்கு ‘அம்மி வண்டி’ என்று பெயர் வைத்தவன் சீனிச்சாமிதான். உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரல்ல. வாயில் வந்தது, விட்டான். வந்த வார்த்தையை அடக்கிவைக்கும் வாய் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த வாய் எதை மூடி மறைப்பதற்காகத் திறந்தது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போடியில் முந்தல் ரோட்டில், ஏலக்காய் குடோனுக்கு அடுத்த தகரக் கொட்டகை அவன் பட்டறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். ஸ்கேனர், கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. “எனக்குக் காதுதேன் ஸ்கேனர்” என்பான். பீற்றல்தான், ஆனாலும் பொய்யில்லை. ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். கண்ணைத் திறக்கும்போது இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புக்காரர்களிலிருந்து ஏல நாளில் காரில் வந்திறங்கும் வியாபாரிகள் வரை அவன் சொன்னால் சொன்னதுதான். வண்டி சரியில்லை என்று அவன் சொன்னால் வண்டி சரியில்லை. ஓட்டுகிற ஆள் சரியில்லை என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் கதை அதோடு முடிந்தது. ஊர் அந்த அளவுக்கு அவனை நம்பித் தொலைத்திருந்தது.

சூர்யகலா ராசிங்காபுரத்துக்காரி. முப்பது தாண்டி இரண்டு மூன்று இருக்கும். அவளும் நாலு வருஷம் மலைக்குப் பழமெடுக்கப் போனவள்தான். பிறகு லைசென்ஸ் எடுத்தாள், பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கினாள், தன்னோடு ஏலச்செடிக்கடியில் குனிந்து பழமெடுத்த பத்துப் பெண்களையே தினமும் காலையில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அந்த ரோட்டில் ஆள் ஏற்றுகிற ஒரே பொம்பளை டிரைவர் அவள்தான். அந்தப் பத்துப் பேரும் இன்னொரு வண்டிக்குப் போய்விட்டால் வேனை வீட்டு முன்னால் நிறுத்தி அதன்மேல் துணி காயப்போட வேண்டியதுதான். வேறு சவாரி அவளுக்குக் கிடையாது.

ஆடிக் கடைசியில் ஒருநாள் பிளக் மாற்ற வேனைப் பட்டறையில் விட்டுப்போனாள்.

இந்த மாதிரி வேன்களில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கிச் சாய்த்தால் நாலு இக்னிஷன் காயில் வரிசையாகத் தெரியும். பிளக்குக்குக் கரண்டு கொடுப்பது அதுதான். ஒவ்வொன்றும் ரப்பர் உறை போட்ட ஒரு காலைக் குழிக்குள் இறக்கி, அடியில் இருக்கிற பிளக்கைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. பேட்டரி வயரை எடுத்துவிட வேண்டும். லாக்கை அமுக்கி வயர் கப்ளரை உருவ வேண்டும். பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று, அதைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் விஷயம்: காயிலை உடனே இழுக்கக் கூடாது. சூட்டில் ரப்பர் பிளக்கோடு ஒட்டிக்கிடக்கும். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருகி, அது பிடியை விட்டது கைக்குத் தெரிந்தபிறகு நேராக மேலே தூக்க வேண்டும். இதை எத்தனை பேருக்கு இவனே சொல்லியிருக்கிறான்!

அன்றைக்கு ஏல நாள். வியாபாரி ஒருவர் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு ஆரன் மேல் ஆரனாக அடித்தார். “இந்தா வர்றேன் அண்ணாச்சி, இந்தா வர்றேன்” என்றபடி சீனிச்சாமி மூன்றாம் சிலிண்டர் காயிலைத் திருகாமல், சாய்வாக, ஒரே இழுப்பாக இழுத்தான். வந்தது. ரப்பர் கிழிந்து வந்தது.

பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. விரலால் தடவிக்கூடப் பார்த்தான். கால் விரற்கடை நீளத்துக்குப் பிளந்திருந்தது. அந்த காயில் போடியில் கிடைக்காது, தேனிக்குப் போக வேண்டும். இன்சுலேஷன் டேப்பை எடுத்து மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, குழிக்குள் இறக்கி, போல்ட்டைப் பூட்டி, கப்ளரை மாட்டினான். ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் நல்ல பிள்ளையாக ஓடியது. தேனிக் கடைக்குப் போன் போட்டான். திங்கட்கிழமை வந்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை வந்தது, போனது. மறந்துவிட்டான் என்றால் பாதிதான் உண்மை. மறப்பதற்கு வசதியாக இருந்தது, அதனால் மறந்தான்.

ஆவணி பிறந்து மலையில் சாரல் பிடித்ததும் தொடங்கியது வினை. சூர்யகலா முதல் தடவை வந்து, ஏற்றத்தில் வண்டி உதறுகிறது என்று சொன்னாள். முந்தல் வரை ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை வந்தாள். அப்போதும் தெரியவில்லை. மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தாள். எதிர் டீக்கடையில் ஜீப் டிரைவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் உக்கிரபாண்டியும் ஒருவன். அதே தோட்டத்து வழியில் ஜீப்பு ஓட்டுகிறவன், சீனிச்சாமியை மாப்ளே என்று கூப்பிடுகிறவன்.

சூர்யகலா முகம் வெளிறிப்போயிருந்தது. “அண்ணே, இன்னைக்கும் நின்னுபோச்சுண்ணே. எல்லாரும் எறங்கித் தள்ளுனாக. தோட்டத்துக்குப் போறப்ப மணி ஒம்பது. எந்தா இத்தர வைகின்னு, ஏன் இம்புட்டு லேட்டுன்னு, சூப்பர்வைசர் சாரு மலையாளத்துல சத்தம் போட்டு, இன்னைக்கு வேல இல்ல போங்கன்னு பத்துப் பேரையும் திருப்பி அனுப்பிட்டாரு.”

“போன தடவையே ஓட்டிப் பாத்தேன்ல? தண்ணி மாதிரி ஓடுது.”

“கீழ நல்லாத்தேன் ஓடுதுண்ணே. நாலு வளைவு ஏறி, மேகம் எறங்கி ஈரமாயிருச்சுன்னா ஒதறுது. மீட்டருல மஞ்ச லைட்டு மினுக்கி மினுக்கி அணையுது. ஒருதரம் எங்ககூட மேல வந்து பாருங்கண்ணே.”

ஈரம், ஏற்றம். இந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்ததுதான் தாமதம், மூன்று சுற்றுச் சுற்றிய அந்த டேப் அவன் கண்முன்னே வந்து நின்றது. போடி வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கிழிசல் ஒன்றும் செய்யாது. மலை ஈரம் பட்டு, பத்து ஆளை இழுத்துக்கொண்டு ஏறும்போது கரண்டு பிளக்குக்குப் போகாமல் கிழிசல் வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். நாலில் ஒரு சிலிண்டர் செத்துவிடும். இது அவனுக்கு அந்த நிமிஷமே, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்காமலே தெரிந்துவிட்டது.

‘இரு ஆத்தா, நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? மூச்சு விடுகிற நேரம். ஆனால் டீக்கடையிலிருந்து ஐந்து ஜோடிக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. சீனிச்சாமி காயிலைக் கிழித்து டேப் ஒட்டி அனுப்பினானாம் என்று நாளைக்கு இந்த ரோடு முழுக்கப் பேசும். அது நினைப்பில் வந்ததும் வாய் தானாகத் திறந்தது, அதுவும் நல்ல சத்தமாக.

“வண்டில ஒரு மண்ணும் இல்ல. ஏத்தத்துல கிளச்சுல காலப் போட்டு அரைச்சுக்கிட்டே போனா ஒதறாம என்ன செய்யும்? வண்டி ஓட்டுறது அம்மி அரைக்கிற சோலி இல்ல ஆத்தா!”

டீக்கடை குலுங்கிச் சிரித்தது. உக்கிரபாண்டிக்குப் புரையே ஏறிவிட்டது. “அம்மி வண்டி! மாப்ளே, போட்ட பாரு ஒரு போடு!” என்று தொடையைத் தட்டினான். சூர்யகலா திரும்பி நடந்தாள். வேனில் ஏறி, ரொம்ப மெதுவாகக் கிளச்சிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பெயர் மூன்றே நாளில் மலை ஏறி இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை இராச்சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவன் பெண்டாட்டி ஜோதியே ஆரம்பித்தாள். அவள் பட்டறைக்குப் பக்கத்து குடோனில் ஏலக்காய் பொறுக்கி ரகம் பிரிக்கிறவள்.

“ஏங்க, அந்தப் பிள்ளைய அம்மின்னு சொன்னது நீங்கதானாம்ல?”

“ஆரு சொன்னா?”

“ஆரு சொல்லல? குடோன்ல நாப்பது பொம்பளைக இருக்கோம், அத்தன பேரும் சிரிக்கிறாளுக. நானும் சிரிச்சேன், பொய்யென்ன. பெறகுதேன் சொல்றாக, அவ வண்டில போற மொக்கம்மா கூட்டம் வர்ற திங்கக்கெழமையில இருந்து உக்கிரபாண்டி ஜீப்புல போகப்போகுதாம். டிரைவரு சரியில்லன்னு சீனிச்சாமியே சொன்னபெறகு எப்படி உசிர நம்பி ஏறுறதுன்னு கேக்குறாக.” சோற்றை வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “நான் அவ வண்டில ஒருதரம் போயிருக்கேன். வளைவுல வயித்தப் பெரட்டவே இல்ல. அப்படியா கேடுகெட்டு ஓட்டுறா?”

“கொழம்ப ஊத்து” என்றான். குழம்பு தட்டில் ஏற்கெனவே இருந்தது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போய்ப் புது காயில் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கள்ளச்சரக்கு கொண்டுவருகிறவன் கூட அவனைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டு, “வண்டியக் கொண்டா ஆத்தா, இன்னொருக்கப் பாத்துருவோம்” என்றான்.

உடனே வந்துவிட்டாள். இறங்கும்போது காலில் செருப்பில்லை.

“என்ன ஆத்தா, வெறுங்கால்ல?”

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். “நீங்க சொன்னதுல இருந்து செருப்பக் கழத்திட்டுத்தேன் ஓட்டுறேண்ணே. கிளச்சுல காலு படுதான்னு உள்ளங்காலுக்குத் தெரியணும்ல? சாயங்காலத்துல பொட்டிபுரம் ரோட்டுல ஆளில்லாத எடமாப் பாத்துத் தனியா ஓட்டிப் பழகுறேன். ரெண்டு மூணு தடவ படத்தேன் செஞ்சுச்சுண்ணே. நீங்க சொன்னது சரிதேன். இத்தன வருசமாத் தப்பாவே ஓட்டிருக்கேன், ஒருத்தரும் சொல்லல, நீங்கதேன் சொன்னீக.”

சீனிச்சாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளைத் திட்டியிருந்தால், சண்டைக்கு வந்திருந்தால், நாலு பேர் முன்னால் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவள் நன்றியல்லவா சொல்கிறாள்! நல்லா ஓட்டுகிற ஒருத்தியின் காலையே அவளை நம்பவிடாமல் செய்துவிட்டான்.

அப்போதாவது சொன்னானா? அட, அப்போதும் சொல்லவில்லை.

“கடையில போயி எனக்கு ஒரு டீ சொல்லிட்டு, நீயும் ஒண்ணு குடிச்சிட்டு வா” என்று அனுப்பிவைத்தான். அவள் ரோட்டைத் தாண்டியதும் சீட்டைத் தூக்கினான். லாக்கை அமுக்கினான், கப்ளரை உருவினான், போல்ட்டைக் கழற்றினான். இந்தத் தடவை இடம் வலம் என்று அழகாகத் திருகித் தூக்கினான். யாருக்குக் காட்ட இந்த அழகு? டேப் கருகிக் கூழாகியிருந்தது. கிழிசலிலிருந்து கீழ்வரை சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. கரண்டு தினமும் போய்வந்த தடம் அது. பழசைக் கந்தல் துணியில் சுருட்டிப் பையில் போட்டான். புதுசின் ரப்பர் வாயில் துளி கிரீஸ் தடவி, குழிக்குள் இறக்கி, பிளக்கைக் கவ்வுகிறவரை அமுக்கினான். போல்ட்டைக் கையால் பிடித்து, ஸ்பானரால் கால் சுற்று. கப்ளர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. அவள் டீயோடு திரும்பும்போது சீட்டும் மூடியாகிவிட்டது.

“எர்த் வயரு கொஞ்சம் லூசா இருந்துச்சு. முறுக்கி விட்ருக்கேன். இனிமே வராது.”

“அப்ப வண்டியிலயும் கொஞ்சம் இருந்துச்சாண்ணே?” என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன ஆசை தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அது சும்மா, பேருக்கு” என்றான்.

அவள் தலையாட்டினாள். “நாளைக்கு அவுகளக் கேட்டுப் பாக்குறேண்ணே. இந்த ஒரு வாரம் பாருங்க, ஒழுங்கா ஓட்டுறேன்னு.” கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடியுமுன்னே சீனிச்சாமி எழுந்துவிட்டான். தூங்கினால்தானே எழுந்திருப்பதற்கு? பைக்குள் ஸ்பானரும் அந்தக் கந்தல் துணிச் சுருட்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினான்.

முந்தல் ரோட்டில் தோட்டத்து ஆட்கள் வண்டியேறுகிற இடத்தில் வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. உக்கிரபாண்டியின் ஜீப்பு ஒருபக்கம், சூர்யகலாவின் வேன் ஒருபக்கம். தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் முதலில் சோற்றுத் தூக்குச்சட்டியை வண்டியில் வைத்துவிட்டுத்தான் நின்று பேசுவார்கள். சட்டி எந்த வண்டியிலோ ஆள் அந்த வண்டியில். அன்றைக்குப் பத்துச் சட்டியும் ஜீப்பின் பின்சீட்டில் இருந்தன. சூர்யகலா வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மொக்கம்மாளிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குத் தலைவி மொக்கம்மாள்தான். ஐம்பத்தைந்து வயது, கொட்டுகிற மழையிலும் எட்டும் குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனிச்சாமி நேராகப் போய் நடுவில் நின்றான். “மொக்கம்மாக்கா, கொஞ்சம் கேளுங்க. வேன் நின்னது இவ ஓட்டுனதுனால இல்ல. தப்பு என்மேல. நான் பாத்த வேலைதேன் சரியில்ல.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மொக்கம்மாள் முகம் கனிந்தது. “நல்ல மனுசன்யா நீ” என்றாள். “ஒரு பொம்பளப் பிள்ள பொழப்பு போகுதேன்னு பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிற பாரு. ஆருக்கு வரும் இந்தக் குணம்? ஆனாலும் உசிரு வெசயம்ப்பா. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு.”

“இல்லக்கா, நெசமாவே...”

“உன் கை வேல எங்களுக்குத் தெரியாதா? போ அப்பு, போயி சோலியப் பாரு.”

இருபத்திரண்டு வருஷம் சேர்த்த பெயர் குறுக்கே வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் ஊர் அதைத் தர்மம் என்று எடுத்துக்கொள்கிறது! போதாததற்கு உக்கிரபாண்டி ஜீப்பிலிருந்து தலையை நீட்டினான். “என்ன மாப்ளே, நேத்து மத்தியானம் பட்டறைய விட்டு வேன் நகரவே இல்லையாம்ல? அதேன் இன்னைக்கு வக்காலத்து பலமா இருக்கு.”

ஒன்றிரண்டு பேர் வாய்க்குள் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். சூர்யகலாவின் முகம் சுண்டிப்போனது. அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “அண்ணே, போயிருங்கண்ணே” என்றாள். “ட்ரிப்பு போனாப் போகட்டும். இந்தப் பேரு வேணாம்ணே எனக்கு.”

சீனிச்சாமிக்குக் காதெல்லாம் எரிந்தது. ஒரு பெயர் வைத்தது போதாதென்று இன்னொன்றுக்கும் வழி செய்துவிட்டான். இனி வாயால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை. வேனின் இடப்பக்கச் சீட்டைத் தூக்கிச் சாய்த்தான்.

“எல்லாரும் கிட்ட வாங்க. உக்கிரா, நீயும் எறங்கி வா. வாடான்னா!”

அந்தச் சத்தத்தில் அவனும் இறங்கி வந்தான். பத்துப் பெண்களும் வேனின் கதவருகே நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சீனிச்சாமி கந்தல் துணியை அவிழ்த்துப் பழைய காயிலை மொக்கம்மாள் கையில் கொடுத்தான். “இந்தக் கிழிசலத் தொட்டுப் பாருங்க. பிளக்கு மாத்துன அன்னைக்கு அவசரத்துல நான் இழுத்துக் கிழிச்சது. டேப்ப ஒட்டி மாட்டி விட்டேன். நேத்துத்தேன் புதுசு போட்டேன், இவளுக்குக்கூடச் சொல்லல.” சொல்லிக்கொண்டே பேட்டரி வயரை விலக்கி, மூன்றாம் சிலிண்டரின் புது காயிலைக் கழற்றினான். கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது. மொக்கம்மாளின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிப் பழையதன் ரப்பரை நனைத்தான். “இது மேல இருக்கிற மேகம்னு வச்சுக்கங்க.” அதைக் குழிக்குள் இறக்கிக் கப்ளரையும் பேட்டரியையும் மாட்டி, கியரை நியூட்ரலில் பார்த்துவிட்டு, எட்டிச் சாவியைத் திருகினான்.

வேன் பிடித்துக் குலுங்கியது. கண்ணாடி கடகடத்தது. குழிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. அரை இருட்டில் நீலமாக வெட்டி வெட்டித் தெரிந்தது. பெண்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

“ஆத்தாடி, இதே ஒதறலுதேன்!” என்றாள் ஒருத்தி.

“டிரைவர் சீட்டப் பாருங்க” என்றான் சீனிச்சாமி. “ஆராச்சும் இருக்காகளா? கிளச்சுல ஆரு காலாச்சும் இருக்கா?”

யாரும் இல்லை. வேன் தானாக உதறிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்தான். குழியைத் துணிவிட்டு ஈரம் போகத் துடைத்தான். புதுசை இறக்கி, அமுக்கி, போல்ட்டைப் பூட்டி, கப்ளரை மாட்டித் திரும்பவும் சாவியைத் திருகினான். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடியது. உக்கிரபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு ஜீப்புப் பக்கம் நகர்ந்தான்.

மொக்கம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். “சரி விடு அப்பு. தெரியாம நடந்துபோச்சு. தெரியாமத்தான அந்தப் பிள்ளையவும் அப்படிப் பேசிட்ட. மனுசன்னா தப்பு வராதா?”

தப்பித்துக்கொள்ளக் கதவு திறந்துதான் இருந்தது. ஆமாக்கா என்று தலையாட்டினால் போதும், மிச்ச மானத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். சூர்யகலாகூட அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அதைத்தான் நம்ப விரும்பினாள் என்று தோன்றியது.

“தெரிஞ்சுதேன் பேசினேன்” என்றான். “ஈரத்துல ஒதறுதுன்னு இவ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கடையில ஆளுக இருந்தாக. என் பேரு கெட்டுப்போகும்னு இவ தலையில போட்டேன். இவ ஓட்டுறதுல ஒரு கொறையும் கெடையாது. என்னைக்குமே கெடையாது.”

மொக்கம்மாள்தான் பேசினாள். அந்தப் பெரிய குரலை எடுக்காமல் சாதாரணமாகப் பேசினாள்.

“கொண்டை ஊசி வளைவுல, கொட்டுற சாரல்ல, நாங்க எறங்கி வண்டியத் தள்ளுனோம். இவ அழுதுக்கிட்டே ஒவ்வொருத்திகிட்டயும் மன்னிப்புக் கேட்டா. நாங்களும் இவளப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினோம். அம்மின்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னோம். நீ சொன்னன்னுதான சொன்னோம்?” அவன் கையில் பழைய காயிலைத் திருப்பி வைத்தாள். “நீ நல்ல மெக்கானிக்குதேன். அத ஆரும் இல்லைன்னு சொல்லப்போறதில்ல.”

அதற்குமேல் அவனோடு பேச அவளுக்கு ஒன்றுமில்லை. ஜீப்புக்குப் போய்த் தன் தூக்குச்சட்டியை எடுத்துவந்து வேனில் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக எடுத்தார்கள். இரண்டு பேர் மட்டும், சட்டிய வச்சாச்சு இனி எதுக்கு என்று முனகியபடி ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார்கள். வேனில் எட்டுப் பேர் ஆயிற்று.

சீட்டு இன்னும் சாய்ந்தபடியே கிடந்தது. அதை இறக்கி மாட்டச் சீனிச்சாமி கை நீட்டினான். சூர்யகலா முந்திக்கொண்டாள். இரண்டு கையாலும் சீட்டை இறக்கி, அமுக்கி, பிடி விழுந்ததா என்று தானே ஆட்டிப் பார்த்தாள். சுற்றிவந்து ஏறி உட்கார்ந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தான். ஜன்னலோரம் போய் நின்றதும் அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. “ஆத்தா...” என்று மட்டும் சொன்னான்.

அவள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

“தள்ளி நில்லுங்க. நேரமாச்சு” என்றாள்.

அவ்வளவுதான். அவன் தள்ளி நின்றான். வேன் கொஞ்சமும் குலுங்காமல் கிளம்பி முந்தல் பக்கம் போயிற்று. அவளை அவனுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். அண்ணே என்ற சொல் இல்லாத ஒரு பேச்சை அவள் அவனிடம் முதல் தடவையாகப் பேசியது அன்றைக்குத்தான்.